மலைச்சரிவு புகட்டிய பாடம்

ஆழியாற்று அடிவாரத்திலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பல வருஷங்கள் கிளட்ச் மிதித்தே கடந்து பழகிய நான், தானியங்கி கியர் வாகனத்தில் முதன்முறை சென்றபோது, ஏற்றத்தில் கண்ட சௌகரியத்தை நம்பி, இறக்கத்திலும் கியரை 'டி' என்னும் டிரைவ் நிலையிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மாத்திரம் துணையாகக் கொண்டேன். பாதி வழியில் சக்கரங்களிலிருந்து கருகிய நெடி எழுந்தது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக அமிழ்ந்தது. பதறிப்போய் ஓரமாக நிறுத்தி, வெகுநேரம் ஆறவிட்ட பிறகே மெள்ள இறங்கினேன். கியர்த் தண்டின் பக்கத்தில் 'எம்' என்ற எழுத்தும், கூட்டல் கழித்தல் குறிகளும் எதற்காக இருக்கின்றன என்று நான் சிரத்தையோடு ஆராயத் தொடங்கியது அன்றுதான்.

நான் ஓட்டிய வகைத் தானியங்கி வாகனத்தில் எஞ்சினின் சக்தி, டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் எண்ணெயின் வழியாகக் கியர்ப் பெட்டியை அடைகிறது. அங்கே நடுவில் சூரியனைப்போல் ஒரு பல்சக்கரமும், அதைச் சுற்றிக் கிரகங்களைப்போல் சிறு பல்சக்கரங்களும் அமைந்திருக்க, எந்தச் சக்கரம் நிற்பது, எது சுழல்வது என்பதை எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் உள் கிளட்சுகள் நிர்ணயிக்கின்றன. அவற்றுக்கு ஆணையிடும் கணினி, வாகனத்தின் வேகத்தையும் ஆக்ஸிலரேட்டரின் நிலையையும் கொண்டு தீர்மானிப்பதால், சரிவில் நாம் காலை எடுத்ததும், சக்தி தேவையில்லை என்று எண்ணி உயர்ந்த கியருக்குப் போய்விடக்கூடும். எஞ்சினின் தடுப்பாற்றலும் அதனோடு குறைந்துவிடும். சரிவை உணர்ந்து தானே கியரைக் குறைக்கும் வாகனங்களும் உண்டு. ஆனால் திருப்பத்துக்கு அப்பால் வருவதைச் சாரதியின் கண்ணே முன்கூட்டி அறியும். அவ்வறிவை யந்திரத்துக்குத் தெரிவிக்கும் வாயில்தான், கியரைச் சாரதியே தேர்ந்துகொள்ள விடும் 'எம்'.

என் அனுபவத்தில் தேர்ந்தவற்றைச் சொல்கிறேன். இறக்கம் தொடங்குமுன்பே 'எம்'முக்கு மாற்றி, அந்தச் சரிவில் ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதிலேயே இறங்குங்கள். வால்பாறை வளைவுகளில் பெரும்பாலும் இரண்டாவது கியர் போதும். வளைவுக்கு முன், நேர்ப்பாதையிலேயே கியரைக் குறையுங்கள். ஈரச்சாலையில் திருப்பத்தின் நடுவே குறைத்தால் சக்கரம் வழுக்கக்கூடும். தண்டை முன்னே தள்ளினால் கியர் கூடுவது சில வாகனங்களில், குறைவது சிலவற்றில். ஆகையால் சமதரையிலேயே கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் அளவுமீறிச் சுழலும்படி கியரைக் குறைக்கச் சொன்னால் கணினி மறுத்துவிடும். அதைப் பழுதென்று அஞ்சாமல், பிரேக்கால் வேகத்தைத் தணித்துவிட்டு மீண்டும் கேளுங்கள். ஏற்றத்திலும், 'டி'யில் கியர் மேலும் கீழும் அலைபாயுமானால், இரண்டில் நிறுத்திவைப்பது நன்று.

எரிபொருளை மிச்சப்படுத்தும் ஆசையில் நியூட்ரலில் உருட்டுவது பெரும் அபாயம். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இக்கால எஞ்சின்கள் எரிபொருள் பாய்ச்சுவதையே நிறுத்திவிடுவதால், அந்த ஆசைக்கும் ஆதாரமில்லை.

அடுத்த பிரயாணத்தில் இவ்விதமே இறங்கி, அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி மிதித்துப் பார்த்தேன். நெடி ஏதுமின்றி, பிரேக் காலடியில் உறுதியாக நின்றது.