காடு காட்டி அழைக்கும் கோஸ்டா ரிக்கா

முன்னுரை

எகிப்துக்குச் செல்வோர் பிரமிடுகளைக் காணச் செல்கின்றனர். உரோமைக்குச் செல்வோர் புனித பேதுரு பேராலயத்தைத் தரிசிக்கச் செல்கின்றனர். ஆனால் வானளாவும் கோபுரமோ பழம்பெரும் கோட்டையோ காட்டாமல், காட்டையும் கடற்கரையையும் பறவையையும் காட்டியே உலகத்தாரை அழைக்கும் ஒரு சிறு நாடு உண்டு. அதுவே கோஸ்டா ரிக்கா.

நாட்டின் அமைப்பு

நடு அமெரிக்காவில், நிகரகுவாவுக்கும் பனாமாவுக்கும் இடையே இந்நாடு அமைந்துள்ளது. ஒருபுறம் பசிபிக் பெருங்கடல். மறுபுறம் கரீபியன் கடல். நடுவே எரிமலைத் தொடர். பரப்பு ஏறத்தாழ 51,100 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. ஆயினும் உலகிலுள்ள உயிரினங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு இங்கே வாழ்வதாக மதிப்பிட்டுள்ளனர். கத்தோலிக்க மறையை அரசியல் சட்டத்திலேயே ஏற்ற நாடு இது. 1948ஆம் ஆண்டில் இராணுவத்தையே கலைத்துவிட்ட நாடும் இதுவே.

கண்கொள்ளாக் காட்சிகள்

மாண்டேவெர்டே என்னும் மலைப்பகுதியின் பெயருக்குப் ‘பசுமலை’ என்பது பொருள். மேகங்கள் மரங்களினூடே தவழ்வதால் இதனை முகிற்காடு என்பர். மரக்கிளைகளில் பாசியும் ஆர்க்கிடு மலர்களும் செறிந்திருக்கும். இங்கு வாழும் கெட்சால் பறவையின் ஆணுக்கு மரகதப் பச்சை உடலும், சிவந்த மார்பும், உடலைவிட நீண்ட வால் இறகுகளும் உண்டு. காட்டு அவகாடோப் பழங்களை விழுங்கிவிட்டு, கொட்டைகளை வேறிடத்தில் உமிழ்வதால் இப்பறவை காட்டையும் வளர்க்கிறது. பஞ்சவர்ணக் கிளிகளும், உரக்கக் கத்தும் குரங்குகளும், கிளையில் தலைகீழாய்த் தொங்கியே காலம் கழிக்கும் ‘ஸ்லாத்’ என்னும் விலங்கும் இந்நாட்டின் காடுகளில் உண்டு.

கரீபியன் கரையிலுள்ள டோர்டுகேரோவில் பேராமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. பசிபிக் கரையிலுள்ள ஒஸ்தியோனலில் ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒருசேரக் கரைக்கு வருகின்றன. இவை நம் சென்னைக் கடற்கரைக்கு வருகின்ற பங்குனி ஆமையின் இனத்தைச் சேர்ந்தவையே.

அழிவும் மீட்சியும்

இந்நாடு என்றும் இப்படியே இருந்ததன்று. 1940களில் நாட்டின் பெரும்பகுதி காடாயிருந்தது. பின்னர் இறைச்சி ஏற்றுமதிக்காக மாடு மேய்க்கும் புல்வெளிகளை உண்டாக்கக் காடுகளை வெட்டினர். 1980களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே எஞ்சியது. மாண்டேவெர்டேயில் மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரையை 1989ஆம் ஆண்டுக்குப்பின் எவரும் கண்டதில்லை.

நாடு விழித்துக்கொண்டது. தேசியப் பூங்காக்கள் பெருகின. 1996ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை வெட்டித் திருத்துவதைத் தடை செய்தது. எரிபொருள் மீதான வரியில் ஒரு பங்கு, காட்டைக் காப்பாற்றும் நில உடைமையாளருக்கு வழங்கப்பட்டது. சுற்றுலாவும் துணைநின்றது. வெட்டிய மரம் ஒருமுறைதான் பணம் தரும்; நிற்கும் மரமோ ஆண்டுதோறும் விருந்தினரை அழைத்து வரும் என்பதை மக்கள் உணர்ந்தனர். இன்று நாட்டில் பாதிக்கு மேல் மீண்டும் காடாகியுள்ளது. 2019ஆம் ஆண்டில் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நாட்டைக் காண வந்தனர்.

சிறுவர் வாங்கிய காடு

மாணவியராகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மழைக்காடுகள் அழிவதைப் பாடத்தில் கேட்டனர். வருந்தியதோடு நில்லாமல், பணம் திரட்டி மாண்டேவெர்டே அருகே சில ஏக்கர் காட்டை வாங்கச் செய்தனர். அச்செய்தி பரவி, 44 நாடுகளின் சிறுவர் காசு அனுப்பினர். ‘குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு’ என்னும் பெயருடைய அக்காடு இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் பரந்துள்ளது. சிறு கைகள் சேர்ந்தால் எதுதான் முடியாது?

விருந்தினர் கடமை

எனினும், பார்க்க வருவோரின் ஆவலே தீங்காவதும் உண்டு. 2015ஆம் ஆண்டில் ஒஸ்தியோனல் கடற்கரையில் நூற்றுக்கணக்கானோர் கூடிப் படம் எடுக்க முந்தினர். வழி கிடைக்காத ஆமைகள் சில, முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பின. காண வந்த காட்சியைக் கண்டவர்களே கெடுத்தனர்! ஆகவேதான் டோர்டுகேரோவில் இரவில் வழிகாட்டியின்றிக் கரைக்குச் செல்ல விடுவதில்லை. படம் எடுக்கவும் தடை உண்டு. மானுவேல் அந்தோனியோ பூங்காவில் நாள்தோறும் இத்தனை பேர்தான் என வரையறுத்துள்ளனர். வாரத்தில் ஒரு நாள் பூங்காவை மூடியும் விடுகின்றனர். விலங்குகளுக்கும் ஓய்வுநாள் வேண்டுமன்றோ?

முடிவுரை

பறவைகளையும் விலங்குகளையும் உடன்பிறப்புகளாய்க் கண்டவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979ஆம் ஆண்டில் அவரைச் சுற்றுச்சூழல் காப்போரின் பாதுகாவலராக அறிவித்தார். இறைவனின் படைப்பு நமக்குச் சொந்தமன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கோஸ்டா ரிக்காவைக் காணும் வாய்ப்பு நம்மில் பலருக்கும் கிட்டாமற் போகலாம். ஆனால் கல்விச் சுற்றுலாவாக ஏரிக்கோ மலைக்கோ செல்லும்போது, குரங்குக்குத் தின்பண்டம் எறியாமலும், கூச்சலிட்டுப் பறவையை விரட்டாமலும், குப்பையை விட்டுவராமலும் இருக்க நம் ஒவ்வொருவராலும் இயலும். நாம் கண்டு மகிழ்ந்ததை நமக்குப்பின் வருவோரும் கண்டு மகிழட்டும்!