வாயில்லா விருந்தினர்

அக்டோபர் 4-ஆம் நாள் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாள். பறவைகளையும் விலங்குகளையும் உடன்பிறப்புகளாகப் பாவித்த அப்புனிதரை, 1979-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் பாதுகாவலராக அறிவித்தார். உலக விலங்குகள் தினமும் அந்த நாளில்தான் வருகிறது. அன்று பள்ளியில் பேச்சுப் போட்டி நடத்துகிறோம், படம் வரைகிறோம், கைதட்டுகிறோம். மறுநாள் என்ன செய்கிறோம்? இக்கேள்விக்கு எங்கள் வீட்டில் கிடைத்த விடையையே இங்கு எழுதுகிறேன்.

நம் தமிழகத்திற்கு இத்துறையில் பெருமை உண்டு. சென்னையில் 1959-ஆம் ஆண்டில் கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் குரல் எழுப்பியதன் பயனாக, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர்.

ஆயினும் காப்பகங்களில் இடம் குறைவு. வரும் உயிர்களோ மிகுதி. பல விலங்குகள் ஒரே இடத்தில் இருக்கும்போது நோய் எளிதில் பரவுகிறது. தாயை இழந்த குட்டிகளுக்கு நோயை எதிர்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. எனவே அவற்றைச் சில வாரங்களுக்கு ஒரு வீட்டில் ஒப்படைத்து, வளர்ந்தபின் திரும்பப் பெற்று, நிலையான வீட்டிற்குக் கொடுப்பர். இதுவே தற்காலிக வளர்ப்பு. விலங்கு நமக்குச் சொந்தமன்று. அதன் உயிர் மட்டும் நம் பொறுப்பு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நாங்கள் ஒரு காப்பகத்திலிருந்து மூன்று பூனைக்குட்டிகளைப் பெற்றுக்கொண்டோம். "பொதுத்தேர்வு எழுதுகிற வருஷத்தில் இதெல்லாம் எதுக்கும்மா?" என்று அம்மா முதலில் மறுத்தார். பாட்டிதான், "ராத்திரி எனக்குத் தூக்கமா வருது? நான் பார்த்துக்கறேன்" என்று முன்வந்தார். குட்டிகளுக்கு அப்போது வயது மூன்று வாரம்.

மூன்றாம் நாள் இரவு, மிகச் சிறிய குட்டி சோர்ந்து கிடந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. பசி என்று எண்ணி, இங்க் பில்லரால் அவசரமாகப் பால் புகட்டினேன். விடியுமுன் அது இறந்துவிட்டது. கால்நடை மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால்" என்று மட்டும் சொன்னார். என் அன்பில் குறைவில்லை. அறிவில்தான் குறை இருந்தது. இக்கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்தக் குட்டியே காரணம்.

அன்று முதல் கற்றுக்கொண்டவை இவை:

1. நான்கு வாரத்திற்கு உட்பட்ட குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கவேண்டும். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கத்தில் இடம் வேண்டும்.

2. பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவே ஏற்றது.

3. குழந்தையைப் போல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற இருத்தி, தலையைச் சற்றே உயர்த்திச் சிறிது சிறிதாகத் தரவேண்டும்.

4. பிறந்தபோது பூனைக்குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். பின்பு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் கூடவேண்டும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எடை குறைந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

5. வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால், புதிதாய் வந்ததை இரண்டு வாரங்களாவது தனி அறையில் வையுங்கள். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.

6. கடித்தாலோ கீறினாலோ மறைக்காதீர்கள். வெறிநோய் பூனையாலும் வரும். ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மீதி இரண்டு குட்டிகளும் தேறின. பாட்டி இரவில் செபமாலை சொல்லி முடித்ததும் பால் நேரம் வந்துவிடும். நோட்டில் எடை ஏற ஏற, அம்மாவும் தராசின் அருகே வந்து நிற்கலானார். இரண்டு மாதம் நிறைந்ததும், பெறுவதற்கு ஒரு நல்ல குடும்பம் முன்வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில் என் தங்கை கூடையை விடாமல் அழுதாள். "நாமே வைத்துக்கொள்வோம்" என்று நானும் கெஞ்சினேன். அம்மா சொன்னார்: "வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த மழைக்கு வருகிற குட்டிக்கு நம் வீட்டில் இடம் இருக்குமா?" எங்களிடம் பதில் இல்லை. கூடையைக் கொடுத்தோம்.

புனித சூசையப்பரை நாம் வளர்ப்புத் தந்தை என்று போற்றுகிறோம். தமக்கென எதையும் உரிமை கொண்டாடாது, ஒப்படைக்கப்பட்டதைக் காத்தவர் அவர். அவருடைய பணி எத்துணையோ உயர்ந்தது. எனினும் அவரிடம் கற்கும் பாடம் சிறிய காரியங்களுக்கும் பொருந்தும். சொந்தமாக்கிக் கொள்ளாமலும் நேசிக்கலாம்.

தோழியரே, எல்லா வீட்டிலும் இது இயலாது. பெற்றோரின் சம்மதமும், வீட்டுப் பெரியவர் ஒருவரின் துணையும் இன்றி இறங்காதீர்கள். ஆசைக்குக் கொண்டுவந்து, அலுத்தபின் தெருவில் விடுவது பாவம் மட்டுமன்று. பட்டினியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். இடமில்லாதோர் பழைய துண்டுகளையும் செய்தித்தாள்களையும் காப்பகத்திற்குக் கொடுத்து உதவலாம்.

இவ்வாண்டும் மழை வரும், காப்பகம் நிரம்பும். எங்கள் வீட்டுப் பெட்டியும் தராசும் நோட்டும் ஆயத்தமாக உள்ளன. உங்கள் வீட்டிலும் அவ்வாறே ஒரு மூலை ஆயத்தமாகட்டும்!