துள்ளும் இடது கை: ராக்டைமா, ஸ்ட்ரைடா, பூகி-வூகியா?

பியானோ பழகுபவர் இடது கையில் துள்ளல் வேண்டும் என்று கேட்டால், எந்தத் துள்ளல் என்று முதலில் முடிவு செய்யச் சொல்வேன். கீழே ஒரு பேஸ், மேலே ஒரு கார்டு என்று ‘டும்-சக், டும்-சக்’ போடுவது ஒரு வகை. ராக்டைமும் ஸ்ட்ரைடும் அந்த வகை. கை ஒரே இடத்தில் நின்று பேஸை உருட்டிக்கொண்டே போவது இன்னொரு வகை, அது பூகி-வூகி. எல்லாமே அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கியவைதான். ஆனால் கை கேட்கும் உழைப்பு ஒவ்வொன்றிலும் வேறு.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது ராக்டைம். ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ (1899) புகழ்பெற்றது என்பதற்காக அதில் தொடங்க வேண்டாம். நான்கு ஃப்ளாட் உள்ள ஸ்கேல், தொடக்கமே கடினம். 1902-இல் வந்த ‘தி என்டர்டெய்னர்’ சி மேஜரில் தொடங்குகிறது. ‘டும்-சக்’கும் அதில் தெளிவாகக் கேட்கும். அதற்கும் முன்னால் பாட்டே இல்லாமல் இடது கையை மட்டும் பழக்குங்கள். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யில் சுண்டுவிரல். ஈ, ஜி, நடு சி மூன்றும் மற்ற விரல்களில். கை தாவவே வேண்டாம். சுண்டுவிரல் ஒரு முறை, கார்டு ஒரு முறை. மறுபடி அதே பேஸ், அதே கார்டு. இது சரளமான பிறகு பேஸை மட்டும் ஓர் ஆக்டேவ் கீழே இறக்குங்கள். தாவல் அப்போதுதான் தொடங்குகிறது.

தாவலைப் பழக ஒரு வழி உண்டு. பேஸை அடித்த கணமே கையைக் கார்டின் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள். விரல்கள் சரியான கட்டைகளின் மேல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு அழுத்துங்கள். மெதுவாகப் பழகினாலும் தாவல் மட்டும் விரைவாக இருக்கட்டும்.

துள்ளல் வேகத்தில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பேஸ் சற்று அழுத்தமாக, கார்டு மெல்லியதாக, சட்டென்று விட்டுவிடுவதாக இருந்தால் மெதுவான டெம்போவிலும் கை துள்ளும். இரண்டையும் ஒரே கனத்தில் அடித்தால் எந்த வேகத்திலும் துள்ளாது. பெடலை மிதித்தபடியே வாசித்தாலும் அப்படித்தான், ஓசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ராக்டைமை வேகமாக வாசிக்க வேண்டாம் என்று ஜாப்ளினே தன் இசைத்தாள்களில் அச்சிட்டு எச்சரித்தார். 1908-இல் ‘ஸ்கூல் ஆஃப் ராக்டைம்’ என்று ஆறு சிறு பயிற்சிகளையும் வெளியிட்டார். இன்றும் பழகத் தகுந்தவை.

ஸ்ட்ரைடு ராக்டைமின் வளர்ந்த வடிவம். நியூயார்க்கின் ஹார்லெமில் செழித்தது. பேஸ் ஆக்டேவாகவோ பத்தாம் ஸ்வரத்தோடு சேர்ந்தோ விழும், தாவல் நீளும், கட்டையைப் பார்க்க நேரமிருக்காது. பத்தாம் ஸ்வர இடைவெளிக்குள் பத்து வெள்ளைக் கட்டைகள், ஏறக்குறைய இருபத்து மூன்றரை சென்டிமீட்டர் அகலம். எட்டாத கைகள் அதை உடைத்து, கீழ் ஸ்வரத்திலிருந்து மேல் ஸ்வரத்துக்கு உருட்டி வாசிக்கலாம். ஜேம்ஸ் பி. ஜான்சனின் ‘கரோலினா ஷவுட்’டை இளம் வயது டியூக் எலிங்டன் பியானோ ரோலை மெதுவாக ஓடவிட்டு, தானாக இறங்கும் கட்டைகளின் மேல் விரல் வைத்தே கற்றார். அவ்வளவு பொறுமை கேட்கும் பாணி. ராக்டைம் கைக்குள் வராமல் இதைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து.

பூகி-வூகிக்குத் தாவல் இல்லை. சி, ஈ, ஜி, ஏ, பி ஃப்ளாட், ஏ, ஜி, ஈ என்று ஒரு பாருக்கு எட்டு ஸ்வரங்கள். பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்றுக்கு சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டுகளே போதும். 1938 டிசம்பரில் கார்னகி ஹாலில் ஆல்பர்ட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீட் ஜான்சன் மூவரும் வாசித்த பிறகு அமெரிக்கா முழுவதும் இதன் மோகம் பரவியது. நோட்டேஷன் படிக்காமல், கை போன போக்கில் கற்பனை செய்து வாசிக்க விரும்புபவருக்கு இதுவே நல்லது. ஆனால் இடது கை ஓயாமல் ஓடுவதால் முன்கை சீக்கிரம் களைக்கும். இறுக்கம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். வலது கை தாளத்தை மாற்றிப் போடும்போது இடது கை தடுமாறும். அது விலக நாளாகும். கார்டுகள் அடிக்கடி மாறும் பாட்டுகளுக்கு இந்த உருட்டல் ஒட்டாது. அவற்றுக்கு ‘டும்-சக்’தான்.

வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்றால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். நடு சி-க்கு இரண்டு ஆக்டேவ் கீழே அது முடிந்துவிடும். பூகி-வூகிக்கும், தொடக்க நிலை ராக்டைமுக்கும் அது போதும். ஸ்ட்ரைடின் ஆழமான பேஸுக்கு 88 கட்டைகள் வேண்டும். எதைத் தேர்ந்தாலும், கீபோர்டில் உள்ள ஆட்டோ ரிதத்தை அணைத்துவிட்டு மெட்ரோனோமை 60-இல் வைத்துத் தொடங்குங்கள்.