துப்பாக்கியும் சி ப்ரோகிராமும் ஒண்ணா? – வக்கீல் சிண்டி கோன் நடத்திய வழக்குகள்

கிட்ஹப்பில் ஒரு ரெப்போவை பப்ளிக் ஆக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கிளிக், அவ்வளவுதான். ஆனா 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு மாணவர் தான் எழுதிய ப்ரோகிராமை இன்டர்நெட்டில் போட நினைத்தபோது, அதற்கு ஆயுத ஏற்றுமதி லைசென்ஸ் வேணும்னு அரசு சொல்லிடுச்சு. அந்த நிலைமை மாறியதில் சிண்டி கோன் என்ற வக்கீலுக்குப் பெரிய பங்கு உண்டு. புதுத் தொழில்நுட்பமும் அரசியலமைப்புச் சட்டமும் மோதும்போது ஒரு வக்கீல் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்று அவர் நடத்திய வழக்குகள் வழியாகப் பார்ப்போம்.

பிரச்சினை என்ன?

டேனியல் பெர்ன்ஸ்டைன் அப்போது பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி மாணவர். அவர் எழுதியது 'ஸ்னஃபிள்' என்ற என்கிரிப்ஷன் முறை. ஹாஷ் ஃபங்ஷன் ஒருவழிப் பாதை மாதிரி, உள்ளே போன செய்தியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் அரசு அதைக் கட்டுப்படுத்தவில்லை. என்கிரிப்ஷனையோ ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. கட்டுப்பாடு இல்லாத ஹாஷையே கொஞ்சம் கோட் சேர்த்து என்கிரிப்ஷனாக மாற்றலாம்னு ஸ்னஃபிள் காட்டியது. 1992இல் பெர்ன்ஸ்டைன் அனுமதி கேட்டு எழுதினார். இது ஆயுதப் பட்டியலில் வரும், லைசென்ஸ் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று பதில் வந்தது.

இந்த விதியின் பாதிப்பு அமெரிக்காவுக்கு வெளியே இருந்த எல்லாருக்கும்தான். நெட்ஸ்கேப் பிரவுசரின் வெளிநாட்டுப் பதிப்பில் 40 பிட் சாவிதான் இருந்தது. 1995இல் பிரான்ஸில் ஒருவர் அதை எட்டே நாளில் உடைத்துக் காட்டினார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. புரூஸ் ஷ்னையர் எழுதிய கிரிப்டோகிராஃபி புத்தகத்தில் என்கிரிப்ஷன் கோட் பக்கம் பக்கமாக அச்சாகியிருந்தது. புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப எந்தத் தடையும் இல்லை. அதே கோடை ஃபிளாப்பியில் போட்டால் மட்டும் ஆயுதம்!

வக்கீல் கேட்ட கேள்வி

கோன் இன்ஜினியர் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, ஜெனீவாவில் ஐ.நா.வின் மனித உரிமை மையத்தில் வேலை பார்த்துவிட்டு, கலிஃபோர்னியாவில் ஒரு சாதாரண சட்ட நிறுவனத்தில் இருந்தவர். டிஜிட்டல் உரிமைகளுக்கான எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் (சுருக்கமா இ.எஃப்.எஃப்.) அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் கில்மோர் கேட்டுக்கொண்டதால் இந்த வழக்குக்குள் வந்தார்.

'என்கிரிப்ஷன் நல்லதா கெட்டதா?' என்று வாதாடியிருந்தால் தேசப் பாதுகாப்பு என்ற ஒரே வார்த்தையில் அரசு ஜெயித்திருக்கும். அவரது அணி கேள்வியையே மாற்றியது: ஒருவர் எழுதியதை வெளியிடும் முன்பே அதிகாரியிடம் அனுமதி வாங்கச் சொல்லலாமா? இது பழைய கேள்வி. 1965இல் ஃப்ரீட்மன் எதிர் மேரிலாந்து என்ற சினிமா சென்சார் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இதற்குப் பதில் சொல்லியிருந்தது. சென்சார் செய்வதென்றால் முடிவெடுக்கக் கால வரம்பு வேண்டும், முடிவு பிடிக்காதவர் சீக்கிரம் கோர்ட்டுக்குப் போக வழி வேண்டும். என்கிரிப்ஷன் லைசென்ஸ் முறையில் இதெல்லாம் சரியாக இல்லை.

அப்போ மிச்சம் ஒரே கேள்விதான். சோர்ஸ் கோட் பேச்சா, கருவியா? கோட் இயந்திரத்தை வேலை செய்ய வைக்கிறது, அதனால் அது கருவி என்றது அரசு. சி மொழியை மனிதர்கள் படிக்கிறார்கள், ஒருவருக்கொருவர் அல்காரிதத்தைத் துல்லியமாகச் சொல்ல அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றது கோன் தரப்பு.

கோர்ட்டின் படிகள்

வழக்கு 1995இல் மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கியது. 1996இல் நீதிபதி மெரிலின் ஹால் பட்டேல், சோர்ஸ் கோடும் ஜெர்மன், பிரெஞ்சு போல ஒரு மொழிதான், அதுவும் பேச்சுதான் என்று தீர்ப்பளித்தார். அரசு விதியை வேறு துறைக்கு மாற்றியது. 1997இல் புது விதியும் அவரிடம் தோற்றது. அரசு அப்பீல் போனது.

அப்பீலில் புதுச் சாட்சி, புது ஆவணம் கொண்டுவர முடியாது. கீழ்க் கோர்ட்டில் பதிவானதை வைத்து, சட்டம் சரியாகப் பொருத்தப்பட்டதா என்றுதான் நீதிபதிகள் பார்ப்பார்கள். அதனால் கணினி வல்லுநர்களின் வாக்குமூலங்களை ஆரம்பத்திலேயே பதிவில் சேர்த்திருந்தது ரொம்ப முக்கியம். 1999 மே மாதம் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் நீதிமன்றம் 2–1 என்று பெர்ன்ஸ்டைன் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனா கதை அங்கே முடியலை. அதிக நீதிபதிகள் மறுபடி கேட்கலாம் என்று முடிவாகி, அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த விசாரணை நடக்கும் முன்பே, 2000 ஜனவரியில் அரசு விதியைத் தளர்த்தியது. எல்லாரும் பார்க்கும்படி வைக்கும் சோர்ஸ் கோடை, அரசுக்குத் தகவல் மட்டும் சொல்லிவிட்டு இன்டர்நெட்டில் போடலாம் என்றானது. அதே ஆண்டில் ஜங்கர் என்ற வேறொரு வழக்கில் ஆறாவது சர்க்யூட்டும் கோட் பேச்சுதான் என்றது.

தோற்ற வழக்கும் உண்டு

2000இல் கோன் இ.எஃப்.எஃப்.பின் சட்ட இயக்குநரானார், 2015இல் நிர்வாக இயக்குநர். 2006இல் ஏ.டி.&டி. நிறுவனத்தின் ஓய்வுபெற்ற டெக்னீஷியன் மார்க் கிளைன் சில ஆவணங்களோடு அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு வந்தார். சான்ஃபிரான்சிஸ்கோ ஃபோல்சம் தெருக் கட்டடத்தில் ஃபைபரில் ஸ்ப்ளிட்டர் போட்டு, போகிற டேட்டாவின் நகல் 641ஏ என்ற ரகசிய அறைக்குப் போகிறது என்றார் அவர். வாரன்ட் இல்லாமல் சோதனை கூடாது என்ற நான்காவது திருத்தத்தை வைத்து வழக்கு போட்டார்கள். 2008இல் நாடாளுமன்றம் டெலிகாம் நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்துச் சட்டம் போட்டுவிட்டது. உடனே தேசியப் பாதுகாப்பு முகமையின் (என்.எஸ்.ஏ.) மீதே ஜுவல் வழக்கு. அரசு ரகசியம் என்ற சுவரில் பல வருஷம் முட்டி, 2022இல் சுப்ரீம் கோர்ட் அதை எடுக்க மறுத்ததோடு முடிந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

1. புதுத் தொழில்நுட்பத்துக்கு எப்பவும் புதுச் சட்டம் தேவைப்படாது. சரியான பழைய கேள்வியைக் கண்டுபிடிப்பதே பாதி வாதம்.

2. ஹாஷ் எது, என்கிரிப்ஷன் எது, ஸ்ப்ளிட்டர் என்ன செய்யும் என்று கோர்ட்டுக்குப் புரியவைத்தவர்கள் நம்மைப் போன்ற டெக்னிக்கல் ஆட்கள்தான். வக்கீலுக்கோ பாட்டிக்கோ புரியும்படி ஒரு பக்கம் எழுதத் தெரிவது இன்ஜினியருக்கு அலங்காரம் இல்லை, தேவை.

3. பெர்ன்ஸ்டைன் பின்னாளில் உருவாக்கிய சால்சா20க்கு முதலில் வைத்த பெயர் 'ஸ்னஃபிள் 2005'. அதன் வாரிசான சாச்சா20 இன்று டி.எல்.எஸ்.ஸில் இருக்கிறது. அவருடைய கர்வ்25519 வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆயுதப் பட்டியலில் இருந்த வகைக் கோட்தான், இன்று நாம் 'அசைன்மென்ட் முடிச்சிட்டியா?' என்று அனுப்பும் மெசேஜைக் காக்கிறது.

கிரிப்டோகிராஃபி பேப்பர் படிக்கும் நண்பர்கள், அடுத்த செமினாருக்குத் தலைப்பு தேடினால் பெர்ன்ஸ்டைன் வழக்கை எடுத்துப் பாருங்கள்.