மலைமேல் வந்த வெளிச்சம் பறக்கும் தட்டா?

கேள்வி: போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடையை அடைத்துவிட்டு, ஏழரை மணி வாக்கில் பைக்கில் ராஜபாளையம் திரும்பினேன். வலது பக்கம் மலைக்கு மேலே பளீரென்று ஒரு வெளிச்சம். வழி நெடுகக் கூடவே வந்து, சட்டென்று மறைந்துவிட்டது. அம்மா ‘சதுரகிரி சித்தர் ஜோதி’ என்கிறார். மகன் ‘பறக்கும் தட்டு’ என்கிறான். அரசாங்கம் இதையெல்லாம் விசாரிக்குமா?
- ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: விசாரித்திருக்கிறது. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவத்தினர் 329 முறை மர்ம வெளிச்சங்களைப் பார்த்தார்கள். 155 முறை அவை எல்லை தாண்டி வந்ததாகவும் பதிவு செய்தார்கள். சீனாவின் உளவு விமானமோ என்று சந்தேகம். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் விஷயம் போனது. வெளிச்சம் தெரிந்த நேரம், திசை, உயரம் மூன்றையும் வைத்து அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஒன்று வியாழன், மற்றது வெள்ளி! உண்மை வெளியே வந்தது, பதற்றம் அடங்கியது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 1947இல் ராஸ்வெல் அருகே விழுந்த பொருளை முதலில் பறக்கும் தட்டு என்று அறிவித்த ராணுவம், உடனேயே அதை வானிலை பலூன் என்றது. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்கும் ரகசியத் திட்டத்தின் பலூன் அது என்று விமானப்படை சொன்னது 1994இல்தான். அதற்குள் வதந்தி வேரூன்றிவிட்டது. அதே விமானப்படையின் ‘புளூ புக்’ திட்டம் 1969 வரை 12,618 புகார்களைத் திரட்டியது. விடை கிடைக்காதவை 701. அவற்றிலும் வேற்றுக்கிரகத்தவர் வந்ததற்கு ஆதாரம் இல்லை. அரசு எதை மறைக்கிறதோ அதைத்தான் மக்கள் சந்தேகிப்பார்கள். அளந்து, வெளிப்படையாகச் சொல்வதே சரியான வழி.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வெள்ளியாகத்தான் இருக்கும். பல மாதங்களில் அது அந்தி சாய்ந்ததும் மேற்கே பிரகாசமாகத் தெரியும். வெகு தொலைவில் இருப்பதால், நாம் போகப் போக நிலா கூடவே வருவதுபோல அதுவும் வரும். மலை முகட்டுக்குப் பின்னால் இறங்கியதும் சட்டென்று மறையும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இன்று மாலை இருட்டியதும் மகனோடு மொட்டைமாடிக்குப் போங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் பத்து டிகிரி. வெளிச்சம் முகட்டுக்கு மேலே எத்தனை முஷ்டி உயரத்தில் இருக்கிறது, மணி என்ன என்று எழுதி வையுங்கள். மறுநாளும் அதே நேரத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் அது கோளோ விண்மீனோதான். இல்லையென்றால் அந்தக் குறிப்போடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே தேடுவோம்.