சிதறியவற்றின் உறவு

தமிழாசிரியராகிய யாம் பௌதிகம்பற்றி எழுதப் புகுவது பழைய மாணவர் சிலருக்கு வியப்பளிக்கலாம். அம்பிட்டியச் சாலையில் எம்முடன் நடந்துவந்த மாணவன் ஒருவன், “ஐயா, மோதிச் சிதறிய துணிக்கைகளுக்குள் உறவு உண்டென்பதை எவ்வாறு அறிகின்றனர்?” என வினவினான். விடை கூற இயலாது நின்றோம். பின்னர்க் கற்றறிந்து, அக்கடனை இம்மலரிலே தீர்க்க முயல்கின்றோம்.

கண்டிப் பெரகரா முடிந்ததும் மக்கள் பல திசையாகக் கலைகின்றனர். அருகருகே செல்லும் இருவரைக் கண்டவுடன் உறவினரெனத் துணியலாமோ? பெருங்கூட்டத்தில் அந்நியரும் அருகருகே செல்வர். தற்செயலாக அமையும் இணைகள் எத்தனை என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதனின் மிகுந்து காண்பதே உறவுக்குச் சான்று.

ஆய்வாளரும் இவ்வாறே செய்கின்றனர். புரோத்தன் முதலாய ஹாட்ரன்கள் பெருஞ்சக்தியுடன் மோதுங்கால், பயோன் முதலிய துணிக்கைகள் பல பிறக்கின்றன. ஒரே மோதலிற் பிறந்த இணைகளை ஒருபுறமும், வெவ்வேறு மோதல்களிலிருந்து எடுத்துக் கோத்த இணைகளை மறுபுறமும் எண்ணி ஒப்பிடுவர். பின்னவை தம்முள் தொடர்பற்றவை. ஆதலின் அவையே தற்செயலின் அளவுகோலாகும்.

1924 இல், டாக்காப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ், ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறிய இயலாத ஒளித்துணிக்கைகளை எண்ணுதற்குப் புதுமுறை வகுத்தார். அக்கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். அம்முறைக்கு அமையும் துணிக்கைகள் ‘போசோன்’ எனப் பெயர்பெற்றன. அவை ஒரே நிலையிற் சேர்ந்திருக்கும் இயல்பின. புரோத்தனும் எதிர்ப்புரோத்தனும் அழியும்போது தோன்றும் பயோன்களுள், ஒத்த ஏற்றமுடையவை மாறேற்ற இணைகளைவிட நெருங்கிய திசைகளிற் செல்லுதலைக் கோல்டுஹேபர் தம்பதியர், லீ, பைஸ் ஆகியோர் 1960 இல் போஸின் முறைகொண்டு விளக்கினர்.

இதன் மற்றொரு வேர் நீலகிரியைத் தொடுகின்றது. அருவங்காட்டில் 1916 இல் பிறந்த ஹன்பரி பிரவுன், டுவிஸ் என்பாருடன் சேர்ந்து, இரு ஆடிகளில் விழுந்த ஒளியின் ஏற்றத்தாழ்வுகளை ஒப்பிட்டு, 1956 இல் சீரியஸ் விண்மீனின் கோணவிட்டத்தை அளந்தார். இதனையொத்த நெறியால், பயோன்கள் புறப்படும் களத்தின் பருமனும் அளக்கப்படுகின்றது. களம் சிறிதாயின், இணைகளின் உந்த வேறுபாடு மிகுந்தபோதும் தொடர்பு நீடிக்கும். பெரிதாயின் விரைவில் மங்கும். அக்களமோ ஒரு மீற்றரின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்களவினது!

2010 இல் ஜெனீவாவின் பெரும் மோதுபொறியில், துணிக்கைகள் மிகப் பலவாய்த் தோன்றிய புரோத்தன் மோதல்களில், கற்றையின் நெடுக்கில் வெகுதூரம் விலகிய இணைகளும் அதைச் சுற்றிய கோணத்தில் ஒத்துச் செல்வது கண்டனர். காரணம்பற்றி அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

மாணவர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. இருவரைச் சேர்த்துக் கண்டதும் கதை கட்டுவது ஊர்வாய். தற்செயலைக் கழித்த பின்னரே உறவென்று உரைப்பது அறிவு. அம்மாணவன் இன்று எத்தேயத்திலிருப்பினும், காலந்தாழ்த்த இவ்விடையை ஏற்பானாக.