காயலான் கடைக்காரர் காத்திருக்கட்டும்

எங்கள் காபித் தோட்டத்தில் தாத்தா காலத்து வில்லிஸ் ஜீப் ஓடுகிறது. அப்பா அதில் டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார். கழற்றிய பெட்ரோல் எஞ்சின் குடோனில் கிடக்கிறது. பழைய இரும்புக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?

– ஒரு வாசகர், கொட்டச்சேடு

தராசில் ஏற்றிவிடாதீர்கள்! முதலில் பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். பிளாக்கின் முன்பக்க மேல்மூலையில் குத்தியிருக்கும் எண் அதோடு ஒத்துப்போனால், அது வண்டியோடு பிறந்த எஞ்சின். சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவது இதற்குத்தான். பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசலுக்கு மாறியவர் உங்கள் அப்பா மட்டுமல்ல. அதனால்தான் அசல் எஞ்சின் அரிதாகிவிட்டது.

ஹெட் தட்டையாக, பிளக்குகள் மேலேயே இருந்தால் அது 'கோ டெவில்': 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ரகம். மேலே வால்வு மூடி இருந்தால் அடுத்து வந்த 'ஹரிகேன்'.

ஏற்காட்டுப் பனிமூட்டம் வார்ப்பிரும்புக்கு எமன். எஞ்சினைத் தரையிலிருந்து தூக்கி மரக்கட்டை மேல் வையுங்கள். பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு, சில நாள் ஊறியபின் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுத்தியல் வேண்டாம். எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர் பட்டால் மதிப்பு போச்சு.

2021 விதிப்படி, பதிவாகி 50 ஆண்டு தாண்டிய, எஞ்சின் மாற்றாத வண்டியைத்தான் 'விண்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். அசல் எஞ்சினை மறுபடி பூட்டினால் உங்களுக்கும் வழி உண்டு. ஆனால் பதிந்தபின் அதில் தினமும் காபி மூட்டை ஏற்ற முடியாது. அதற்கு வேறு ஜீப் பார்த்துக்கொள்ளுங்கள்.